சாய்வெழுத்து

ஃபரோ தீவில், ஸ்கோப்புன் துறையில்
கடைசிப் படகும் போனபின்
டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு
ரன்வோ தன் பக்கத்தை எழுதுகிறாள்.
வெறும் நோட்பேட், இரண்டு விரல்.

பின்னணிக்குக் கடலின் சாம்பல் வேண்டும்.
ஆறு எழுத்து தட்டி நிமிர்ந்தால்
கடல் வேறு சாம்பலுக்குப் போயிருக்கிறது.
மூன்று தரம் துரத்தினாள். போதும்.

‘நான் ரன்வோ. என்னிடம் ஆடு இல்லை.’
முதல் வரி அதுதான்.
‘இல்லை’யை மட்டும் சாய்க்கப் பார்த்தாள்,
குறியை மூட மறந்தாள்.
அதற்குக் கீழே அத்தனையும் சாய்ந்துவிட்டது:
படகு நேரம், பூனையின் பெயர்,
தேதிகூட.

பிழை தெரிகிறது. ஒரே ஒரு கோடு.
விரல் அதன்மேல் நிற்க,
வெளியே காற்றில்
கொடிக்கம்பம், புல்,
தொப்பியைப் பிடித்தபடி வரும் ஹெய்னி...
யார் இங்கே நேராக இருக்கிறார்கள்?

அப்படியே சேமித்தாள்.