அமர்வு முடிந்தது

இரண்டு நீரிணை தாண்டினால்தான் லெர்விக்.
காற்று அறுபது மைல். கப்பல் ஓடவில்லை.
பிளாஸ்டிக் தலை ஒன்றுக்கு
வாய் துடைத்துப் பழகவேண்டிய நாள்.
"தீவிலேயே இருங்கள், திரையில் படித்துக்கொள்ளலாம்"
என்று செய்தி அனுப்பினாள் பயிற்றுநர் கெய்ட்லின்.
அவளுக்கு இருபத்தாறு வயது. எனக்கு ஐம்பத்திரண்டு.
சால்மன் ஆலை மூடிய பிறகு வந்தது
இந்த மாணவர் அட்டை.
படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன்.

இரவுப் பணி. ஆறாம் பாடம், ஒன்பதாம் கேள்வி:
நினைவு குழம்பியவர் இல்லாததைக் கேட்டால் நீங்கள்
அ. திருத்துவீர்கள்
ஆ. பேச்சை மாற்றுவீர்கள்
இ.

அதற்குமேல் வரவில்லை. சக்கரம் சுற்றியது.
நான்காம் அறையில் மணி.

மாக்னி ஸ்பென்ஸ்,
முப்பது வருடம் கப்பலிலிருந்து
துறைக்குக் கயிறு வீசியவர்.
மூன்று நாளாக எதுவும் விழுங்கவில்லை.
"இங்கா, கப்பல் ஓடுதா?"
இங்கா என் அக்காள். திருத்தவில்லை.
"இல்லை, காற்று" என்றேன்.
அது உண்மை.
அப்பாடா என்று அவர் தோள் இறங்கியது.
காற்றடித்தால் அவருக்கு விடுமுறை.

பஞ்சுக்குச்சியை நனைத்தேன்,
பிழிந்தேன்.
பிழியவேண்டும் என்பது ஏழாம் பாடம்,
நான் இன்னும் திறக்காதது.
செவிலி மார்லீன் செய்யும்போது பார்த்திருக்கிறேன்.
கீழுதடு, ஈறு, நாக்கின் ஓரம்.
பஞ்சைக் கவ்விக்கொண்டு விட மறுத்தார்.
காத்திருந்தேன். விட்டார்.
மறுபடி நனைத்தேன்.

சட்டைப்பையில் கைபேசி ஒளிர்ந்தது.
துணி வழியாகவே வாசிக்க முடிந்தது:
இன்னும் இருக்கிறீர்களா?
ஆம் என்று அழுத்த ஒரு விரல் போதும்.
ஒரு கை குச்சியில்.
மற்றதை அவர் பிடித்திருந்தார்.

நாலே முக்காலுக்கு மார்லீனைக் கூப்பிட்டேன்.
அவள் நாடி பார்த்தாள், நேரம் எழுதினாள்.
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தோம், இங்கே வழக்கம்.
காற்று உள்ளே புகுந்து
கால்மாட்டிலிருந்த விரிப்பைத் தூக்கிப் போட்டது.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
பிறகு மார்லீன் அழுதாள்.

ஊழியர் அறையில் தேநீர் ஆடை கட்டியிருந்தது.
திரையில்:
அமர்வு முடிந்தது.
நீங்கள் செயலற்றிருந்த நேரம்
இரண்டு மணி பதினோரு நிமிடம்.
விடைகள் சேமிக்கப்படவில்லை.

முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன்.
ஒன்பதாவது வந்தபோது விடிந்திருந்தது.
இ-யும் இப்போது தெரிந்தது:
மேலாளரிடம் தெரிவிப்பீர்கள்.

கெய்ட்லினிடமிருந்து செய்தி:
"வியாழன் வருகிறீர்களா? வாய்ப் பராமரிப்பு பாக்கி.
பிளாஸ்டிக் தலை தயார்!"
பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

வருகிறேன் என்று எழுதினேன்.
அனுப்புவதற்கு முன் சேர்த்தேன்:
கப்பல் ஓடினால்.