மூன்றாம் பலகைக்குக் கீழ்

லியாங் என்ற அந்த மேடைக்காரன்
சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போளையை எடுத்து
மண்டபத்து மேடையில் விட்டான்.
அது உருண்டது, கொஞ்சம் யோசித்தது,
மறுகா மூன்றாம் பலகையில்
வட்டிக்காரனைக் கண்டவன்போல் நின்றது.

கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்புப் பிள்ளை
அவன் சொன்ன பத்து வசனத்தையும்
ஒன்றாக்கித் தந்தாள்:
“இதில ஆட ஏலாதாம்.”

மணி நாலு. ஆறரைக்கு ஆட்டம்.
கீழே புகுந்து பார்த்தேன்.
முதிரைப் பலகைக்கு ஒன்றுமில்லை,
தாங்கிய தீராந்தியைத்தான் கறையான் தின்றிருந்தது.
மாற்றுவதென்றால் இரண்டு நாள்.
ஆரையம்பதிக்கு ஓடிப்போய்
மச்சான் யோகரட்ணத்தின் லொறி ஜக்கை
இரவலாய்க் கொண்டுவந்தேன்.

இப்படித்தான் நான்
சீனத்துப் பாலே பார்த்தது:
மல்லாக்கப் படுத்து,
ஜக்கின் பிடியில் கை வைத்து,
இறங்கினால் ஏற்றி,
ஏறினால் இறக்கி,
இரண்டு மணித்தியாலம்.

மேலே சனம் கைதட்ட
எனக்குக் கண்ணில் வெள்ளைத் தூள் விழுந்தது.
குங்கிலிய மணம்.
வழுக்காமலிருக்கச் சப்பாத்து நுனியில்
தேய்ப்பதாம், பிறகு சொன்னார்கள்.

வாவியில் துடுப்பை ஊன்றி
மறுநுனியில் காது வைப்பவர்களைப்போல்
ஜக்கின் இரும்பில் காதை வைத்தேன்.
மீன் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை.
இது கேட்டது.

முதலில் ஒருத்தி விரல்முனையில் வந்தாள்.
இறகு என்று நோட்டீசில் போட்டிருந்தது.
பொய்.
கூரைச் சலாகைக்கு ஆணி இறக்குவதுபோல்
டக் டக்கென்று வந்தாள்.
குதித்து விழும்போதெல்லாம்
அவள் முழு உடம்பும்
கூட இன்னும் யாரோ ஒருவரின் உடம்பும்
என் மணிக்கட்டில் இறங்கின.
மறுகா ஒரே இடத்தில் நின்று கிறுகினாள்.
இருபத்தொன்று வரை எண்ணினேன்.
தலை சுற்றியது எனக்கு.

அவள் போக, இன்னொருத்தி.
வயலின்கள் ஓய்ந்து ஒரு மூங்கில் ஊதியது.
இவளுக்குத் துணிச் சப்பாத்து.
குதி, விளிம்பு, விரல் என்று
பாதத்தைச் சுருட்டிச் சுருட்டி வைத்தாள்.
நீளமாய் ஏதோ பட்டு பலகையில் இழுபட்டு
மேலே எறிபட்டு
விழவில்லை.
விழவேயில்லை.
விழுந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே பெடியன்மேல் விருப்பம்,
அதனால் சண்டை,
என்று கதையை நானே கட்டிக்கொண்டேன்.

கடைசி ஆட்டம்.

டக். சொத்.
டக். சொத்.

தலையைத் தூக்கித் தீராந்தியில் இடித்துக்கொண்டேன்.
இந்தக் காலடியை எனக்குத் தெரியும்.
பதினாறு வருசமாய் என் படலைக்கு வருகிறது.
பொய்க்கால் ஒன்று, வெறுங்கால் ஒன்று.
யார் புதைத்ததென்று யாரும் சொல்லாத மிதிவெடி
அங்கேயும், இவளுக்குமா?

டக். சொத்.
மேளக்காரன் அதற்குத்தான் அடித்தான்.
அந்தக் காலோடேயே கிறுகத் தொடங்கினாள்.
விழுந்துவிடுவாளோ என்று
ஜக்கை அரைச் சுற்று ஏற்றினேன்.
யாரும் கேட்கச் சொல்லவில்லை.

“ரெண்டு பொம்பிளையா?” என்றாள் மகிழ்ராணி,
ஈரக் கச்சானைக் கொறித்துக்கொண்டு.
“ஒருத்திதான். உடுப்பு மாத்தி மாத்தி வந்தவள்.
கடைசியில ஒரு காலுக்கு முனைச் சப்பாத்து,
மத்தக் காலுக்குத் துணி.
என்ன வடிவு தெரியுமா.
நீங்க எங்க நிண்டீங்க?”

என் தலைமயிரில் வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டு
மேற்கொண்டு கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஜக்கைக் கொடுக்கப் போனேன்.
மச்சானுக்கு விடியற்காலை அது வேண்டும்.
படலையில் ஹோர்ன் அடித்தேன்.
“பொறு, வாறன்.”

மோட்டார் சைக்கிள் லைட்டை நிற்பாட்டினேன்.
முற்றத்து மணலில் ஒன்றும் கேட்கவில்லை.
கிணற்றடிச் சீமெந்து வந்ததும்
கேட்டது.

“என்னடா, ஏன் லைட்ட நூத்த?”

“ஒண்டுமில்ல.
நீ வா.”