லீவு மாதம்

ஜுபைல் கேம்ப். வியாழன் ராத்திரி.
நாலு கட்டிலில் ஏழு பேர். ஏசியின் இரைச்சல்.
"ஊருக்குப் போகிற மாசம், ஒன்று நினை.
நேற்றே எழுதி வைத்துவிட்டேன்" என்றேன்.

லூர்து ஆகஸ்ட் என்றான்.
அரிசிச் சாக்கில் கைவிடச் சொன்னேன்.
சீட்டில் ஆகஸ்ட்.
கட்டில் குலுங்கியது.
பன்னிரண்டு சீட்டு, பன்னிரண்டு மறைவிடம்.
எது எங்கே என்கிற ஞாபகம்தான்
என் மந்திரம்.

ஒரே வித்தையை ஒரே இரவில்
இரண்டு முறை செய்யக் கூடாது.
கேட்டார்கள், செய்தேன்.

பிச்சைக்கனி நெடுநேரம் கண்மூடி இருந்தான்.
"எந்த மாசமும் வரல அண்ணே.
பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்டல்ல இருக்கு."

அதற்கு நான் எழுதியிருக்கவில்லை.
சட்டைப்பையில்
வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்று கிடந்தது.
விரித்துக் காட்டினேன்,
முன்னும் பின்னும் வெள்ளை.

ஒருவரும் கைதட்டவில்லை.
அவன் மட்டும் "கரெக்ட்டு" என்றான்.
நாலாய் மடித்து
இகாமா உறைக்குள் வைத்துக்கொண்டான்.

விளக்கணைத்த பின்
மொபைல் வெளிச்சத்தில் மிச்சத்தைப் பொறுக்குகிறேன்.
ஹெல்மெட்டில் ஜனவரி,
யாருடைய ஷூவிலோ மார்ச்,
ஊறுகாய் பாட்டிலடியில் எண்ணெய் குடித்த ஜூன்.
நவம்பர், லூர்துவின் முதுகுக்கடியில்.
அவன் புரளட்டும் என்று
நிற்கிறேன்.