பதினான்காம் கேள்வி

கழுத்து அட்டையில் என் பெயர் டெல்ஃபினா சோக்.
அம்மா சால்வடோர், அப்பா கம்போடியா.
கைத்திரையில் இனத்துக்கு ஏழு கட்டங்கள்.
ஒன்றை மட்டும் தொடச் சொல்கிறது.

ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம்,
பதில் சொன்னவருக்கு மளிகைச் சீட்டு.
பதின்மூன்று கேள்விவரை எல்லோரும் கண்ணியவான்கள்.
பதினான்காவது:
கடந்த முப்பது நாட்களில்
மதுவும் கஞ்சாவும்,
ஒன்றின் மயக்கம் தெளியும் முன்னே மற்றது,
ஒரே நேரத்தில்?

கலிஃபோர்னியாவின் பாதாம் தோப்புகள் முடிகிற இடத்தில்
கெஸ்லர் சாலைதான் எல்லை.
வடக்கே பால்மோரா:
கஞ்சாக் கடைக்கு அனுமதி உண்டு,
அதன் வரியில் நூலகத்துக்குப் புதுக் கூரை.
தெற்கே ஹார்ட்வெல்:
கஞ்சா என்ற சொல்லே பெயர்ப்பலகையில் வரக்கூடாது.
மதுக்கடைகள் மட்டும் ஒன்பது.
ஒன்பதும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
எங்கள் பக்கம்.

இரண்டு நகர சபைகளும் செவ்வாய் இரவில் கூடும்.
ஒன்றின் தீர்மானத்தை மற்றது வாசித்ததில்லை.
சாலையின் நடுத்திட்டில் ஓர் ஒற்றையடித் தடம்
புல்லே முளைக்காமல் கிடக்கிறது.
ஒரு கையில் பழுப்புப் பை, மறு கையில் வெள்ளைப் பை.
சட்டம் கிழித்ததைக் கால்கள் தைத்துவிட்டன.

மதுக்கடை சுக்மந்தர் கல்லாவை மூடாமலே சொன்னார்:
"பியர் என்னிடம். சுருட்டும் தாள் என்னிடம்.
தாளுக்குள் போவது மட்டும் சாலைக்கு அப்பால்.
நான் சுத்தமான வியாபாரி."

வெல்டர் சூ நெங் லோர்:
"முன்பெல்லாம் ஒரே ஒரு டப்பா வாங்குவேன்.
ஒற்றையாக விற்றால் தெருவில் நின்று குடிக்கிறார்கள் என்று
தடை போட்டார்கள்.
இப்போது ஆறாகத்தான் தருகிறார்கள்.
ஆறு வாங்கியவன் ஒன்றோடு நிறுத்துவானா?
கண்ணில் பொறி விழுந்த நாளில் அதுவும் கொஞ்சம்.
வலிக்கு என்று எழுது.
சந்தோஷத்துக்கும் என்று எழுத இடமிருக்கிறதா?"
இல்லை.

ஒடெஸ்ஸா ட்ரெட்வெல் கதவைப் பாதிதான் திறந்தார்.
இன்றைய கண்ணாடிக் கடை அன்று டயர் கடை.
அதன் பின்சுவரில் சாய்த்துத்தான்
அவர் மகன் ரோஸ்கோவுக்கு விலங்கு பூட்டினார்கள்.
அரைக் கைப்பிடி இலை. நான்கு வருடம்.
அதே சுவரில் இப்போது தொட்டிச் செடிகள்.
தாடிக்காரப் பையன் ஒருவன்
மணத்தை வர்ணித்து விற்கிறான்:
எலுமிச்சை, பைன், லேசாக ஈரமண்.
"அவனிடம் நான் ஒரு டாலர் கொடுக்க மாட்டேன்.
ஜின் மட்டும் எழுது."
சீட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே திரும்பி,
"ரோஸ்கோவின் பிறந்தநாளில் இரண்டும்.
அதை எழுதாதே" என்றார்.
எழுதவில்லை.
அந்த வரியில் என் அறிக்கை பொய்.

மேட்டுத் தெருவிலிருந்து
மாதிரியில் விழுந்தது ஒரே வீடு.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஹால்வர்சன்.
மரத்தட்டில் பாலாடைக்கட்டி, திராட்சை மது,
பக்கத்திலே சர்க்கரை தூவிய கஞ்சா மிட்டாய்.
பதினான்கைக் கேட்டேன்.
"அதெல்லாம் இல்லையம்மா, இது விருந்து."
தட்டைப் பார்த்தேன். 'ஆம்' என்று தொட்டேன்.
யாரைப் பற்றி எழுதுகிறாய் என்பதுபோல்
எட்டிப் பார்த்தார்.

மாதக் கடைசிக் கூட்டத்தில்
நாங்களெல்லாம் வண்ணத் தூண்களாகச் சுவரில் நின்றோம்.
ஆரஞ்சு உயரம், நீலம் குள்ளம்,
எனக்குரிய நிறம் எதுவென்று தெரியவில்லை.
சாலை எங்குமே இல்லை.
அந்தத் தடம், ஒன்பது கடைகள், ஆறு டப்பா, எதுவும்.
"உன் பகுதியில் எந்த இனம் அதிகம்?" என்றார் மேலாளர்.
"நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற இனம்" என்றேன்.
அவர் குறித்துக்கொள்ளவில்லை.

புதியவர்களுக்குக் காட்ட
என்னையே ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள்.
இனம் கேட்ட இடத்தில் இரண்டைத் தொட்டேன்.
திரை சிவந்து, ஒன்றைத் தேர்க என்றது.
அம்மாவை எடுத்துவிட்டேன்.
அடுத்த முறை அப்பாவை எடுப்பேன்.
பதினான்கில் வந்து நின்றேன்.
இரண்டும், ஒரே நேரத்தில்?
இங்கே மட்டும் திரை ஒன்றும் சொல்லாமல்
விரலுக்காகக் காத்திருந்தது.