அடகுப் போர்வை

ஒரு வரி போதும் என்கிறான் எழுத்தன்.
"யாத்னியேல், நாற்பத்தோர் ஆண்டு
இந்த மலைநாட்டில் நியாயம் விசாரித்தான்.
இறந்தான். தகப்பன் கல்லறையில் வைத்தார்கள்."
தோல் விலை ஏறிவிட்டதாம்,
பெரிய பெயர்களுக்கே இடம் போதவில்லையாம்.

நான் அவனுக்கு வேண்டியவன் அல்ல.
அதை முதலில் எழுதிக்கொள்.
ஊர்வாசலில் மூன்று வழக்கில் என்னைத் தோற்கடித்தவன்.
ஒருமுறை வெள்ளாட்டுக் குட்டி ஒன்றை
இருட்டோடு அவன் கொல்லையில் கட்டிவிட்டு வந்தேன்.
விடிவதற்குள் திரும்பி வந்தது,
வயிறு நிரம்பி,
கட்டிய கயிறும் குறையாமல்.
அன்று பகலில்
நான் நகர்த்தி வைத்த எல்லைக்கல்
நான்கு முழம் திரும்பி நடந்தது.

சரி, அது போகட்டும்.
போர்வையைச் சொல்கிறேன்.

செக்காட்டும் அர்னான் என்னிடம் வாங்கிய வாற்கோதுமைக்கு
ஈடாக வைத்தது ஒரு போர்வை.
ஆட்டுமயிர். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.
கடன் தீரும், அடுத்த பஞ்சத்தில் மறுபடி பிறக்கும்;
போர்வை மட்டும் அதேதான்.
ஏழையின் போர்வை பொழுது சாய்ந்தபின்
கொடுத்தவன் வீட்டில் தங்கக் கூடாது.
சட்டம் எல்லாருக்கும் தெரியும்.
தெரிந்ததெல்லாம் காலுக்கு இறங்கிவிடுகிறதா என்ன?

யாத்னியேல் வந்தான்.
சபை கூட்டவில்லை, சத்தம் போடவில்லை.
வாசலில் நின்று இருமினான்.
"ரெகூமே, பொழுது சாய்கிறது."
எடுத்துக் கொடுத்தேன்.
தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான்.
காலையில் அர்னான் கொண்டுவந்து வைப்பான்,
மாலையில் இவன் வந்து இருமுவான்.

கொள்ளைக் கூட்டம் ஏறிவந்த ஆண்டு
ஆள் திரட்டி ஆற்றுத்துறையை மறித்தானே,
தொடையில் ஈட்டி வாங்கினானே,
அதைப் பெண்கள் தம்பூரெடுத்துப் பாடுகிறார்கள்.
நொண்டிக்கொண்டு ஊர் திரும்பிய அதே சாயங்காலம்
என் வாசலில் அதே இருமல்.
அதை யாரும் பாடவில்லை.

கழுதை வழக்கொன்றில் தவறினான்.
ஒரு மாதம் கழித்து அதே வாசலில் எழுந்து
"தவறினேன்" என்றான்.
தன் கழுதையை அவிழ்த்துக் கொடுத்தான்.
அப்புறம் அந்தக் காலோடு நடைதான்.

ஒரு பனிக்கால இரவு பொய் சொன்னேன்:
"எலி கடித்துவிட்டது, தைக்கக் கொடுத்திருக்கிறேன்."
பார்த்தான். "சரி" என்றான்.
மறுநாள் ஊர்வாசலில்
நீலம் பாரித்த உதட்டோடு உட்கார்ந்து
ஒரு விதவையின் தேன்கூட்டு வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தான்.
அவன் போர்வை செக்கடியில்,
அர்னான் முதுகில்.
என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லியிருந்தால்
அவனை வெறுப்பது எனக்குச் சுலபமாய் இருந்திருக்கும்.

நேற்று அடக்கம்.
கல்லைப் புரட்டி மூடிவிட்டு வந்து
கைகால் கழுவி உட்கார்ந்தேன்.
வெயில் மேட்டைத் தொட்டது.
பக்கத்து வீட்டு நாய், வழக்கமான நேரத்துக்கு,
காதை நிமிர்த்திப் பாதையைப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.
ஆணியில் போர்வை தொங்கிற்று.
யாரும் இருமவில்லை.

எனக்கும் எழுபது தாண்டிவிட்டது.
அந்தப் பள்ளத்தில் நான் இறங்கியதே இல்லை.
பாதி வழியில் ஒரு வழுக்குப் பாறை,
அதன் நடுவில், கோல் ஊன்றி ஊன்றி,
உள்ளங்கை அளவு ஒரு குழி.
அதில்தான் நானும் ஊன்றினேன்.

அர்னான் அடுப்பைப் பார்த்தபடியே
"வந்தீரா ஐயா" என்றான்.
சொன்ன பிறகுதான்
சொன்னது யாரிடமென்று அவனுக்கு உறைத்தது.
திரும்பினான்.
இரண்டு கிழவர்கள், நடுவில் ஒரு போர்வை.
என்ன பேசுவது?
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

தோலில் இடமில்லை என்றால் விட்டுவிடு, எழுத்தனே.
ஒன்று மட்டும்:
நான் போய்ச் சேர்ந்தபோது
மேற்கு மேட்டின்மேல்
பொழுது இன்னும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.