மஸ்கெலியா பஸ்

ஹட்டன் டவுனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
சப்பாத்தைக் கழற்றினால் களிமண், சாயம், தண்ணீர்த் தொட்டி.
பெரியவர்கள் தொடக்கூடாது என்று எழுதியிருந்தது.
முழங்கால் நாடியில் இடிக்கும் குட்டிக் கதிரையில்
கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.
ஹம்ஷிகா ஒரு யானை செய்தாள்.
அவள் அம்மா
யாரும் பார்க்காத நேரம் வாலை ஒட்டிவிட்டாள்.

ஈர யானை என் மடியில்.
நோர்வூட் வளைவில் தும்பிக்கை சரிந்தது.
அடுத்த வளைவில் ஒரு கால்.
கொண்டக்டர் மிச்சக் காசை நீட்டுகிறார்,
வாங்கக் கை இல்லை எனக்கு.
மஸ்கெலியாவில் இறங்கும்போது
என் பெருவிரல் பதிந்த வெறும் கட்டி,
வால் மட்டும் அப்படியே.

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.
குனிந்து, காதை வைத்துக் கேட்டாள்.
"மெதுவா நடங்க அப்பா,
யானை தூங்குது."