எண் தெரியவில்லை

மார்கழி ரீடிங் வாலிநோக்கத்தில்.
உப்பளத்து ஓரம் வண்டியை நிறுத்தினேன்,
கேமராக் கண்ணில் பனி.
துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு
முதல் படம்: கதவெண் பதினேழு, நாலாயிரத்துச் சொச்சம்.
இரண்டாவது, பாத்திக்குள் ஒற்றைக் காலில் ஓர் உள்ளான்.
மற்றக் கால் எங்கே என்று
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்;
படம் கட்டம் கட்டமாய் உடைந்ததே தவிர
கால் கிடைக்கவில்லை.

பூநாரைகள் தூரம்.
என் போனுக்கு அவை
யாரோ சிந்திய ரோஸ்மில்க்.
செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்கினேன்,
அத்தனையும் ஒரே சமயம் கழுத்தைத் திருப்பின.
நின்றுவிட்டேன்.
போன் பையிலேயே இருந்தது.

மைமூன் பீவி வீட்டு மீட்டர்
கடல் பார்த்த சுவரில்.
எடுக்கும்போது தலைக்கு மேலே ஏதோ இரைச்சல்.
சாயங்காலம் ஆபீசிலிருந்து செய்தி:
"எண் தெரியவில்லை. திரும்ப எடுக்கவும்."

திறந்து பார்த்தால்
மீட்டர் கண்ணாடி முழுக்க வானம்,
அதில் சாய்வாய்ப் போகும் ஒரு வரிசை,
ஓரத்தில் ஹெல்மெட்டோடு நான்.

அழிக்கவில்லை.
நாளைக்குத் திரும்பப் போக வேண்டும்,
வாடைக்காற்று விட்டால்
ஆறரைக்கெல்லாம்.
அவ்வளவு சீக்கிரம்
எந்த மீட்டரும் பறந்துவிடாது என்பது வேறு.